வலிக்காத கால்

டாக்டரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லக்கூடாது என்பது நம் வீடுகளில் வழங்கும் நீதி. அதற்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: நோயாளிக்குத் தன் உடம்பைப் பற்றித் தெரியும் என்பது. அம்மாவின் சர்க்கரை வியாதியைப் போன் வழியாகக் கவனிக்கும் ஏற்பாட்டை நான்கு வருஷங்களாக அருகிலிருந்து பார்க்கிறேன். அந்த அனுமானத்தில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

வாரம் இருமுறை விரலில் குத்தி, வரும் எண்ணை அம்மா நோட்டில் குறிக்கிறாள். மாதம் ஒருமுறை திரையில் டாக்டர். 2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் இம்மாதிரி வைத்தியத்துக்கு ஒழுங்கு வகுத்தன. அம்மாவுக்கு இதில் குறையில்லை. வெறும் வயிற்றோடு தஞ்சாவூருக்குப் பஸ் ஏறி, ரத்தம் கொடுத்து, சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் காத்திருந்து மறுபடி கொடுத்து, கடைசியில் மூன்று நிமிஷம் திட்டு வாங்கித் திரும்புவதைவிட இது மேல் என்கிறாள். நியாயம்தான். எதிரே உட்கார்ந்திருந்த டாக்டரும் அவளைத் தொட்டதில்லை, காகிதத்தைத்தான் பார்த்தார். 1816இல் லென்னக் காகிதச் சுருளை நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டபோதே காதுக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு கருவி வந்துவிட்டது. இயந்திரத்தைத் திட்டிவிட்டுப் பழங்காலத்துக்கு ஏங்குவது சுலபம். எனக்கு அதில் விருப்பமில்லை.

ஒருநாள் நோட்டில் 218 என்றிருந்ததை அம்மா 168 என்று படித்தாள். பிறகு ஏன் என்று கேட்டேன். "அந்தப் பொண்ணு மூஞ்சி வாடிப்போயிடறதுடா" என்றாள். மூன்று மாதச் சோதனையில் 9.1 வந்தது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதில் படிந்த சர்க்கரை முந்தைய இரண்டு மூன்று மாதத்தின் சராசரியைச் சொல்லிவிடும். நான் வங்கி குமாஸ்தா. பேரேட்டில் எண்ணைத் திருத்தலாம், பெட்டியிலிருக்கும் பணத்தைத் திருத்த முடியாது என்பது எனக்குத் தெரியும். இந்தப் பொய் என்னைத் தொந்தரவு செய்யவில்லை. பொய் சொல்கிறவளுக்கு உண்மை தெரியும்.

தொந்தரவு செய்தது வேறு. சென்ற வருஷம் வலது பாதத்தின் அடியில் புண். செருப்புக்குள் ஒரு சிறு கல். எத்தனை நாளாகக் கிடந்தது என்று அவளுக்கே தெரியாது. நீரிழிவு நாளடைவில் பாதத்து நரம்புகளை மரத்துப்போகச் செய்யும். 'காலில் ஏதாவது தொந்தரவு இருக்கிறதா?' என்று திரையிலிருந்து கேட்டபோதெல்லாம் 'இல்லை' என்றாள். அவளைப் பொறுத்தவரை அது சத்தியம். அவளுடைய பொய்யை ரத்தம் காட்டிக்கொடுத்தது. அவளுடைய உண்மையைக் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை.

இதற்கான சோதனை அற்பமானது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்து, கண்ணை மூடியிருப்பவரிடம் தெரிகிறதா என்று கேட்பது. ஆனால் யாராவது குனிய வேண்டும்.

நோயாளியே அழைத்தால் சம்மதம் இருப்பதாகக் கொள்ளலாம் என்கின்றன அந்த நெறிகள். எங்கள் வீட்டில் அழைப்பது நான்; போனைப் பிடிப்பது நான்; பாதிக் கேள்விக்குப் பதில் சொல்வதும் நான். பிறன் பார்வையில் மனிதன் பொருளாகிவிடுவதைப் பற்றி சார்த்தர் 1943இல் எழுதியதைப் படித்துவிட்டு நண்பர்களோடு விவாதித்தவன். அம்மாவைப் பொருளாக்கிய பார்வை டாக்டருடையது அல்ல, என்னுடையது என்று அப்போது தோன்றவில்லை. எண்களைப் பார்த்தேன். ஒரே கூரையின் கீழ் பத்தடி தூரத்திலிருந்த பாதத்தைப் பார்க்கவில்லை.

தொலைமருத்துவம் தொடுதலை டாக்டரின் கையிலிருந்து எடுத்து, யாரிடமும் சொல்லாமல், வீட்டிலிருப்பவன் கையில் கொடுத்திருக்கிறது. வீட்டில் யாருமில்லாத கிழவிக்கு? 2021 ஆகஸ்டில் தமிழகத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரையோடு ஓர் ஆள் வாசலுக்கு வருகிறார். போனால் முடியாதது அவரால் முடியும், நேரம் கொடுத்தால். நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பாதங்களை எண்ணினால் இரட்டிப்பு.

புண் ஆறிவிட்டது. ராத்திரி வேலை முடித்து அவள் உட்காரும்போது காலைத் தூக்கிப் பார்க்கிறேன். ஆரம்பத்தில் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். டாக்டரோடு பேசும்போது போனை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விடுகிறேன். என்ன சொல்கிறாளோ. பொய்யாகவும் இருக்கலாம்.