உதவியா, கடனா?

2024-இல் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டர் லண்டனில் படித்தேன். நான் தங்கியிருந்த அறைக்குக் கீழ்வீட்டில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், நான்கு பிள்ளைகளோடு தனியாக இருந்தார். ஒருநாள் பாரம் ஒன்றைக் கொண்டுவந்து, “தம்பி, இதை நிரப்ப ஒருக்கா உதவி செய்வீங்களோ?” என்று கேட்டார்.

அது வீட்டு வாடகைக்கு உதவி கேட்கும் பாரம். பிரிட்டனில் ஒரு குடும்பம் அரசாங்கத்திடமிருந்து பெறும் உதவித்தொகைகளுக்கு உச்சவரம்பு உண்டு. 2013-இல் அது நடைமுறைக்கு வந்தபோது ஆண்டுக்கு 26,000 பவுண்டு. 2016-இல் குறைத்தார்கள், 2023-இல் கொஞ்சம் உயர்த்தினார்கள். நான் போயிருந்த சமயம் லண்டனில் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 25,323 பவுண்டு, அதாவது மாதம் ஏறக்குறைய 2,110. வாடகைக்குக் கிடைக்கும் உதவியும் இதற்குள்தான் அடக்கம். அக்காவின் வாடகை மட்டும் 1,500. மிச்சம் 600 சொச்சத்தில் ஐந்து பேருக்குச் சாப்பாடு, மின்சாரம், பஸ் எல்லாம். வேலைக்குப் போய்க் குறிப்பிட்ட அளவு சம்பாதித்தால் இந்த வரம்பு பொருந்தாது. ஆனால் கடைசிப் பிள்ளைக்கு ஒரு வயதுகூட ஆகவில்லையே, யார் பார்த்துக்கொள்வது?

இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு உள்ளூர் மன்றம் கூடுதலாக வாடகை உதவி தரலாம். “தரலாம்” என்பதைக் கவனியுங்கள். தந்தே ஆகவேண்டும் என்றில்லை. தந்தாலும் பெரும்பாலும் சில மாதங்களுக்குத்தான். மறுத்துவிட்டால், மறுபடி பாருங்கள் என்று அதே மன்றத்திடம்தான் கேட்கவேண்டும். மற்ற உதவித்தொகைகளைப் போல இதற்குத் தீர்ப்பாயத்தில் முறையிட முடியாது.

வாராந்திரச் செலவை எல்லாம் எழுதச் சொன்னது பாரம். மூத்த மகளின் பரதநாட்டிய வகுப்புக்கு வாரம் பத்து பவுண்டு. அக்கா பேனாவை நிறுத்தினார். “இதை எழுதினா ஆடம்பரம் எண்டு நினைப்பினமோ?”

“விட்டுடுங்க அக்கா” என்றேன், யோசிக்காமலே. அவர் என்னைப் பார்த்தார். “பொய் சொல்லியே வாங்கிறது?” என்று சொல்லிவிட்டு, அந்தப் பத்து பவுண்டையும் எழுதினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மூன்று மாதத்துக்கு உதவி கிடைத்தது. அதன்பிறகு மறுபடியும் அதே பாரம்.

அந்த வெட்கம் உண்மையில் யாருக்கு உரியது என்று பலநாள் யோசித்தேன். வரம்பு வைத்தவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. உழைக்கும் குடும்பம் ஈட்டுவதைவிட உழைக்காத குடும்பம் அதிகம் பெறக்கூடாது என்றார்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 1,500 பவுண்டு அக்காவின் கையில் ஒரு நாளும் தங்கவில்லை. வீட்டுக்காரருக்குப் போனது. கணக்கு மட்டும் அக்கா பெயரில்.

பொறியியல் படிப்பவன் என்பதால் எனக்குக் குக்கர்தான் ஞாபகம் வந்தது. அதில் விசிலைத் தவிர ஒரு பாதுகாப்பு வால்வும் இருக்கும். எப்போதாவது ஆபத்து வந்தால்தான் அது திறக்கவேண்டும். தினமும் திறந்தால் வால்வைப் பாராட்டமாட்டோம். குக்கரில்தான் கோளாறு என்போம். விதியே ஒரு குடும்பத்தை மாதாமாதம் பற்றாக்குறைக்குத் தள்ளினால், அந்தப் பற்றாக்குறையை நிரப்புவது தயவு அல்ல. அது பட்ட கடன். கடனைத் திருப்பிக் கொடுப்பவன், வாங்குபவனின் மகள் நடனம் கற்கலாமா என்று கேட்கமாட்டான்.

அப்படியானால் கேள்வியே கேட்கக்கூடாதா? பொதுப்பணம், கேட்கத்தான் வேண்டும். வருமானம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, இதெல்லாம் தேவையை அறியும் கேள்விகள். தகுதியை எடைபோடும் கேள்விகள் வேறு. கீதையின் 17-ஆவது அத்தியாயம், கடமை என்று கொடுப்பதைச் சாத்விக தானம் என்றும், மதிப்பின்றி இகழ்ந்து கொடுப்பதைத் தாமச தானம் என்றும் பிரிக்கிறது. தொகை ஒன்றாகவே இருக்கலாம். கொடுக்கும் விதத்தில்தான் வித்தியாசம்.

ஊர் திரும்பி இரண்டு மாதம் இருக்கும். எங்கள் வட்டாரக் கிளைக்கு ஒரு மனு வந்தது. அடுக்குமாடி வீட்டு வாடகை நான்கு மாதம் பாக்கி, ஐந்து பிள்ளைகள். கூட்டத்தில் ஒருவர், “இவ்வளவு பிள்ளைங்க எதுக்கு? வீட்டுல அஸ்ட்ரோ வேற இருக்காம்” என்றார். சிலர் சிரித்தார்கள். கெட்ட மனிதர் இல்லை அவர். தீபாவளிக்கு முதல் ஆளாகப் பணம் போடுபவர். லண்டனில் நானும் அப்படித்தானே “விட்டுடுங்க” என்றேன்?

“அண்ணே, பாக்கி எவ்வளவுன்னு மட்டும் பாப்போமே” என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பொருளாளர் கால்குலேட்டரை எடுத்தார்.

அடுத்த முறை உங்கள் கிளைக்கு ஒரு மனு வரும்போது, கேட்கப்போகும் கேள்வியை ஒருமுறை உங்கள் அம்மாவிடம் கேட்பதாக நினைத்துப் பாருங்கள். நாக்கு கூசினால், அந்தக் கேள்வியைப் பாரத்திலிருந்து எடுத்துவிடலாம்.