தந்தையின் மனமும் தனயரின் மனமும்

முதுமையில் ஒருவர் எழுதிய உயிலை எதிர்த்து வழக்கு எழும்போது, நீதிமன்றம் கேட்கும் முதன்மையான கேள்விகளுள் ஒன்று, அவர் தெளிந்த மனத்தோடு எழுதினாரா என்பது. விடை சொல்லவேண்டியவரோ கல்லறையில் துயில்கிறார்.

கிறிஸ்தவராகிய நமக்கும் பொருந்தும் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், தன் 59-ஆம் பிரிவில் இதுபற்றிக் கனிவோடு பேசுகிறது. பார்வையற்றவரும் செவிப்புலன் இழந்தவரும், தாம் செய்வது இன்னதென அறிவாராயின் உயில் எழுதலாம். மனம் பிறழ்ந்தவரும் தெளிவு திரும்பிய வேளையில் எழுதலாம். நோயினாலோ மதுவினாலோ தாம் செய்வதை அறியாத நிலையில் எழுதுவதையே சட்டம் ஏற்பதில்லை. ஆக, முதுமை மட்டுமே தகுதியின்மை ஆகிவிடாது. மறதி மட்டுமே மனப்பிறழ்ச்சி ஆகிவிடாது.

நம் இல்லங்களில் நடப்பதென்ன? மகனுக்கு எழுதிவைத்த தந்தை, அம்மகனின் பார்வையில் இறுதிவரை தெளிவானவர். அவரே மகளுக்கும் ஒரு பங்கு எழுதினாரெனில், புத்தி தடுமாறியவர் ஆகிவிடுகிறார். தந்தையின் மனம் மாறவில்லை. அதை அளக்கும் கோல்தான் மாறிற்று.

தொடக்க நூல் காட்டும் ஈசாக்கை எண்ணிப் பார்ப்போம். கண் மங்கிய அம்முதியவருக்கு ஐயம் எழுந்தது. குரலைக் கேட்டார், கையைத் தடவிப் பார்த்தார். அவர் அறிவு மழுங்கவில்லை, ஆயினும் ஏமாந்தார். குறை அவர் மனத்திலன்று, உணவோடு உள்ளே வந்தவர் மனத்தில் இருந்தது. இதை நம் சட்டமும் அறியும். வஞ்சனையாலோ வற்புறுத்தலாலோ, தன் விருப்பப்படி முடிவெடுக்க இயலாதவாறு நச்சரித்தோ பெற்ற உயில் செல்லாது என்கிறது 61-ஆம் பிரிவு. பயன்பெறுபவரே முன்னின்று எழுதுவித்த உயில் ஐயத்துக்குரியது என்று உச்ச நீதிமன்றம் 1950-களின் இறுதியிலேயே தெளிவுபடுத்தியது.

உணர்விழந்து கிடப்பவரின் உடைமைகளைக் காப்பது இன்னும் கடினம். 1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மனநோயுற்றோரின் சொத்தை நிருவகிக்க வழி வகுத்திருந்தது. அதன் இடத்தில் வந்த 2017-ஆம் ஆண்டின் சட்டத்தில் அவ்வழி இல்லை. எனவே ஆழ்மயக்கத்தில் கிடப்போரின் குடும்பத்தார் உயர் நீதிமன்றத்தை நாடுகின்றனர். அங்கே நியமனம் பெறும் காப்பாளர் உரிமையாளர் அல்லர்; பிறர் பொருளைப் பேணும் பொறுப்பாளர். அவர் நீதிமன்றத்துக்குக் கணக்கு ஒப்புவிக்கலாம். கட்டிலில் கிடப்பவரை எவ்வாறு பேணினார் என்ற கணக்கையோ இறைவனிடம்தான் ஒப்புவிக்க வேண்டும்.

தந்தையின் அறிவாற்றல் குன்றினாலும் பொறுமையோடு இருக்கவும், அவரை இகழாதிருக்கவும் சீராக்கின் ஞானம் நமக்குக் கற்பிக்கிறது. அவர் எழுதிய உயில் செல்லுமா என்பதை நீதிபதி முடிவு செய்யட்டும். அவர் தெளிவோடு பேசும் நாள்களிலேயே அருகில் அமர்ந்து அவர் விருப்பத்தைக் கேட்பதும், அது நமக்கு இழப்பாயினும் அதன்படி நடப்பதும் பிள்ளைகளின் கடமை. அக்கடமையை எந்த நீதிமன்றமும் நமக்காக நிறைவேற்ற இயலாது.