குவிரன் என்னும் பெயர்

உசிலம்பட்டியில் பணி நிமித்தம் குடியேறிய நம் சமூகத்து அன்பர் ஒருவர், தம் பேரனுக்குப் பெயர் சூட்டும் நாள் நெருங்கிய வேளையில் நமக்கு ஒரு மடல் விடுத்திருந்தார். குழந்தையின் தந்தை 'குவிரன்' என்ற பெயரை விரும்புகிறார். பாட்டியாரோ, இருபத்து நான்கு தீர்த்தங்கரர் திருநாமங்கள் இருக்க, பொருள் விளங்காத இப்பெயர் எதற்கு என வருந்துகிறார். குடும்பத்தில் மனத்தாங்கல். இப்பெயர் நமக்கு உரியதுதானா என்பதே மடலின் வினா.

உசிலம்பட்டி வட்டத்து விக்கிரமங்கலத்தில், உண்டாங்கல் என வழங்கும் குன்றின் குகைத்தளத்தில், கற்படுக்கைகள் உள்ளன. அங்கே ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ் பிராமி எழுத்துகளில் பெயர்கள் சில காணப்படுகின்றன. குவிரன், செங்குவிரன் என்பன அவற்றுள் அடங்கும். இளைஞர் அங்கிருந்தே இப்பெயரைக் கொண்டார் போலும்! குபேரன் என்பதன் பிராகிருத வடிவே தமிழில் குவிரன் ஆயிற்று என்பது கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் கொண்ட கருத்து.

குபேரன் என்றதும் செல்வத்தை எண்ணிப் பாட்டியார் மேலும் அஞ்ச வேண்டியதில்லை. பத்தொன்பதாம் தீர்த்தங்கரர் மல்லிநாதரின் யக்ஷன் குபேரனே. இந்திரன் ஆணைப்படி சமவசரணத்தை அமைப்பவனும் அவனே. ஆயினும் இவற்றைக் கொண்டு, பெயருக்குரிய அம்மனிதர் சமணரே என நாம் சாதித்துவிட இயலாது. ஒரு பெயர் மட்டும் ஒருவரின் சமயத்தைச் சொல்லிவிடுவதில்லை.

உமாசுவாமி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தின் முதல் அத்தியாயத்திலேயே நாமம், ஸ்தாபனை, திரவியம், பாவம் என நான்கு நிக்ஷேபங்களைக் கூறியுள்ளார். குணத்தை நோக்காது வழக்கின் பொருட்டு இடும் பெயர் நாம நிக்ஷேபம். இந்திரன் எனப் பெயரிட்டதால் பிள்ளை இந்திரனாகிவிடுவதில்லை. வறியவன் குபேரன் எனப்படுதலும் உலகில் உண்டு. அந்நிலையை அடைந்தவனைக் குறிக்கும்போதுதான் அது பாவ நிக்ஷேபம். இவ்வளவு தெளிவாக நம் ஆகமம் கூறியிருந்தும், பெயரைப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டுக் கடமை முடிந்ததெனப் பெற்றோர் அமர்ந்துவிடுகிறோம். திருநறுங்கொண்டை அப்பாண்டைநாதர் பெயரைச் சூட்டிவிட்டு, பள்ளியில் அது சுருங்கி இரண்டு எழுத்தாய்த் திரும்பி வரும்போது வருந்துவோர் நம்முள் பலர். அப்பெயர் யாருடையது என்று அப்பிள்ளைக்கு எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்?

குவிரன் என்ற பெயர் கீழடி அகழாய்வில் பானையோட்டிலும் கிடைத்துள்ளது. பானையில் பெயர் எழுதுவோர் பெரும்பாலும் 'இது எனது' என்று சொல்லவே எழுதுவர். கற்படுக்கையில் பொறித்த பெயரோ, 'இது நான் கொடுத்தது' என்று சொல்வதாகவே நமக்குத் தோன்றுகிறது. எழுத்தும் பெயரும் ஒன்றே, பாவம் வேறு. இளைஞர் எந்தக் குவிரனை விரும்பினார் என்பதைத் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். ஈராயிரம் ஆண்டுப் பழமை என்ற பெருமிதம் மட்டுமே காரணமெனில், எண்வகை மதங்களுள் குலமதமும் ஒன்றென்பதை நினைவூட்டுவோம்.

உசிலம்பட்டியிலிருந்து மதுரை செல்லும் சாலையில், நாகமலைப் புதுக்கோட்டையை அடுத்துக் கீழக்குயில்குடிச் சமணர் மலை உள்ளது. அதன் பேச்சிப்பள்ளத்தில், அச்சணந்தி முனிவரின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி ஒன்று வட்டெழுத்துக் கல்வெட்டுடன் இன்றும் நிற்கிறது. ஆரிய என்பது பிராகிருதத்தில் அஜ்ஜ ஆகி, தமிழில் அச்ச ஆயிற்று. நந்தி என முடிவது முனிசங்கத்து வழக்கு. ஆதலின் இது தீட்சைப் பெயர் எனக் கொள்வதே பொருத்தம். தொட்டிலில் அத்தாய் அழைத்த பெயர் யாதோ! கல்வெட்டில் அது இல்லை. தாம் இட்ட பெயரை விட்டகன்ற மகனை, அவர் ஏற்ற பெயராலேயே குறித்து அருகன் திருமேனி செய்வித்த அந்த அன்னையை எண்ணுந்தோறும் நம் உள்ளம் நெகிழ்கிறது.

குவிரன் எனப் பெயர் சூட்டலாம் என்பதே நம் கருத்து. பாட்டியார் விரும்பும் திருநாமத்தையும் உடன் சூட்டி, அவர் அவ்வாறே அழைக்கட்டும். இரு பெயர் இடுதல் நம் இல்லங்களில் புதிதன்று. பெயர் சூட்டும் நாளுக்கு முன், அவரை ஒருமுறை விக்கிரமங்கலத்திற்கு அழைத்துச் செல்லுமாறு அன்பருக்கு எழுதியுள்ளோம். ஏற இயலாவிடினும், அடிவாரத்தில் நின்றேனும் காணட்டும்.