நிலாவிடம் பேரம் பேசியவர்கள்

ஜூலை பிறந்ததும் புதுச்சேரித் தெருக்களில் பிரெஞ்சு பேசும் தமிழ்ப் பிள்ளைகளின் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். பாரிஸிலும் அதன் வடக்குப் புறநகர்களிலும் குடியிருக்கும் எங்கள் ஊர்க் குடும்பங்கள் பள்ளி விடுமுறைக்கு வந்து இறங்கும் காலம் அது. 1954இல் ஆட்சி கைமாறி, 1962இல் சட்டப்படி இணைப்பு முடிந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையோடு நின்றுகொண்டவர்களின் பேரர்களும் கொள்ளுப்பேரர்களும் இவர்களில் நிறையப் பேர். ஆகஸ்ட் கடைசியில் திரும்பிவிடுவார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரம், சென்னை விமான நிலையத்தில் மூன்று மணி நேரம், அதன் பிறகு வானத்தில் பத்து மணி நேரம். துபாய், தோகா வழி என்றால் இன்னும் கூடும். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருத் தாய்மார்கள் அந்த நாட்களில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: "பிள்ளைங்கள பிளேன்ல எப்பிடிச் சமாளிக்கப் போற?"

மகளைப் பார்க்கப் போய்வரும்போது பேரப்பிள்ளைகளோடு நானும் அந்த இருக்கைகளில் உட்கார்ந்திருக்கிறேன். பேத்திக்கு ஐந்து வயது, பேரனுக்கு இரண்டு. தெருவில் கேட்கும் அந்தக் கேள்வியை நான் சமயம் சார்ந்த கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறேன். சின்னஞ்சிறு உயிர் ஒன்று, போக இடமில்லாமல், இறங்க வழியில்லாமல், நமக்குப் பக்கத்தில் கட்டிப்போடப்பட்டு உட்கார்ந்திருக்கிறது. அதற்கு நாம் கடமைப்பட்டிருப்பது எது? அதன் வாயை அடைப்பதா, அதற்குப் பொறுமையைக் கற்பிப்பதா, அதோடு விளையாடுவதா?

பொறுமையைக் கற்பிக்க வேண்டும் என்பவர்கள் பக்கம் பெரிய பெரிய ஞானிகள் இருக்கிறார்கள். நான் பிரெஞ்சு மொழி கற்பித்து ஓய்வு பெற்றவள். பாஸ்கலை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் படித்துக்காட்டியவள். அந்தக் கணித மேதை 1662இல் இறந்து எட்டு ஆண்டு கழித்து அவருடைய 'சிந்தனைகள்' நூலாக வந்தது. ஓர் அறைக்குள் அமைதியாக உட்கார்ந்திருக்கத் தெரியாததுதான் மனிதனின் துன்பங்களுக்கெல்லாம் வேர் என்பது அவர் கண்டது. வேட்டை, சூதாட்டம், போர், பதவி எல்லாம் தன் மரணத்தையும் தன் வெறுமையையும் பார்க்காமலிருக்க மனிதன் தேடிக்கொள்ளும் போக்கிடங்கள் என்றார். அப்படி ஓடுகிறவன் கடவுளையும் சந்திக்காமலே போய்விடுகிறான் என்பது அவருடைய கவலை. நம் பக்கத்திலும் இதே குரல் உண்டு. சும்மா இருக்கும் நிலையைத் தாயுமானவர் ஞானத்தின் உச்சியில் வைத்தார். இவர்கள் சொல்வது சரியென்றால், பிள்ளைக்கு நாம் காட்டும் ஒவ்வொரு வேடிக்கையும் அதைத் தன்னிடமிருந்தே பிரிக்கிற வேலை. நடு வானத்தில் ஒரு நாற்காலியில் பெல்ட்டோடு பத்து மணி நேரம் என்றால் பாஸ்கல் சொன்ன அறை அதுவேதான்.

பாஸ்கலை நான் மதிக்கிறேன். அவர் சொன்னது பெரியவர்களுக்குப் பொருந்தும். குழந்தைக்குப் பொருந்தாது. எதையோ பார்க்க அஞ்சுகிறவன்தான் ஓடுவான். இரண்டு வயதுப் பேரன் சாவை அறியான். நேற்று நடந்ததற்கு வருந்துவதில்லை, நாளை நடக்கப்போவதற்குக் கலங்குவதும் இல்லை. முன்சீட்டின் பின்புறத்தில் மடிந்திருக்கும் தட்டுப்பலகையைத் திறக்கிறான், மூடுகிறான், மறுபடியும் திறக்கிறான். அவன் முழு உயிரும் அந்தக் கொக்கியில்தான் இருக்கிறது. ஞானிகள் பாடுபட்டுத் தேடும் ஒருமுகம் அவனிடம் பிறவியிலேயே இருக்கிறது. அவன் விளையாட்டு எதிலிருந்தும் தப்பி ஓடுவதில்லை. இருக்கும் இடத்தில் முழுதாக இருப்பது அது.

அதனால்தான் நம் மரபு கடவுளிடமே விளையாட்டைக் கண்டது. குறையொன்றும் இல்லாதவன் உலகை ஏன் படைத்தான் என்ற கேள்விக்கு, அது வெறும் விளையாட்டு என்பது பிரம்ம சூத்திரம் தரும் விடை. மதுரைச் சோமசுந்தரருக்கு அறுபத்து நான்கு திருவிளையாடல்கள். 1910 முதல் 1950 வரை எங்கள் ஊரில் வாழ்ந்து மறைந்த ஸ்ரீ அரவிந்தரும் படைப்பை ஆனந்தத்தின் விளையாட்டாகவே எழுதினார். 1908 முதல் பத்து ஆண்டு இங்கே அடைக்கலமிருந்த பாரதியார், கண்ணனைத் தோழனாக, சேவகனாக, அரசனாகப் பாடியதோடு நிற்கவில்லை. தெருப் பெண்களுக்கு ஓயாத தொல்லை தரும் பிள்ளையாகவும் பாடினார். 1917இல் வந்த 'கண்ணன் பாட்டு'த் தொகுப்பைக் கையிலெடுக்கும் எவரும், முன்சீட்டை உதைக்கும் பிள்ளையை வேறு கண்ணால் பார்ப்பார்கள்.

என்னை இதில் தெளிவித்தது பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகை. பெரியாழ்வார் கண்ணனுக்குத் தாயாகி நின்று வித்திட்டது. ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கனுக்குப் பாடியதில் முழு உருப்பெற்றது. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் சிகரம் தொட்டது. பிற்காலத்தில் நபிகள் நாயகத்துக்கும் இயேசுவுக்கும் பிள்ளைத்தமிழ் பாடினார்கள். கோயிலும் மாதா கோயிலும் பள்ளிவாசலும் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் எங்கள் ஊர்க்காரிக்கு இது பெருமையான செய்தி. பத்துப் பருவங்கள், பருவத்துக்குப் பத்துப் பாட்டு. தாலாட்டுவது, கை கொட்டச் சொல்வது, முத்தம் கேட்பது, தளர்நடை போட்டு வா என்று அழைப்பது என்று வளர்ந்துபோகும். கடவுளுக்கு எப்படிப் பணிவிடை செய்வது என்ற கேள்விக்கு, அழும் பிள்ளைக்கு எப்படி வேடிக்கை காட்டுவாயோ அப்படி என்று நூற்றாண்டுக் கணக்காகச் சொல்லி வந்திருக்கிறார்கள் நம் புலவர்கள்.

அந்தப் பத்தில் மிகக் கடினமானது அம்புலிப் பருவம் என்பார்கள். ஒன்றரை வயதை ஒட்டிய பிள்ளை நிலாவைப் பார்த்துவிட்டது. விளையாட அது வேண்டும். தாய் நிலாவை அழைக்க வேண்டும். அழைப்பதற்குச் சாமம், பேதம், தானம், தண்டம் என்ற நான்கு வழிகளையும் புலவர்கள் கையாண்டார்கள். நீயும் இவளும் ஒன்று என்று நிலாவைப் புகழ்வார்கள்; நீ எங்கே, இவள் எங்கே என்று தாழ்த்துவார்கள்; வந்தால் இன்னது கிடைக்கும் என்று ஆசை காட்டுவார்கள்; வராவிட்டால் என்ன ஆகும் தெரியுமா என்று மிரட்டுவார்கள்.

விமானத்தில் நாமும் இந்த நான்கையும்தான் கையில் எடுக்கிறோம். "சமத்துப் புள்ள இல்ல" என்று புகழ்கிறோம். "அந்தப் பாப்பா எப்பிடி அமைதியா உக்காந்திருக்கு பாரு" என்று பேதம் செய்கிறோம். சாக்லேட் நீட்டுகிறோம். "அந்த ஆன்ட்டி வந்து உன்னைக் கீழ இறக்கி விட்ருவாங்க" என்று பயமுறுத்துகிறோம். ஆனால் அம்புலிப் பருவத்தில் புலவர்கள் இந்த நான்கில் ஒன்றையும் பிள்ளையின் மேல் ஏவவில்லை. பிள்ளையின் பக்கத்தில் நின்றுகொண்டு, பிள்ளைக்காக, நிலாவிடம் பேரம் பேசினார்கள். நான் சொல்ல வந்ததெல்லாம் இவ்வளவுதான். பிள்ளைக்கு எதிரே நிற்பது ஒன்று, பிள்ளையோடு சேர்ந்து உலகத்துக்கு எதிரே நிற்பது வேறொன்று. முன்னது சமாளிப்பு. பின்னதைத்தான் பக்தி என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

அப்படி நிற்க, பை நிறைய பொம்மை தேவையில்லை. பேரனின் உள்ளங்கையை விரித்து அதில் என் முழங்கையை ஊன்றிப் பருப்புக் கடைவேன். கடைந்ததை விரல் விரலாக மடக்கி அம்மாவுக்கு, அப்பாவுக்கு, அக்காவுக்கு, காக்காவுக்கு என்று பங்கு வைப்பேன். பிறகு என் இரண்டு விரல்களும் நண்டாகி அவன் மணிக்கட்டில் புறப்படும். முழங்கை மடிப்பில் நின்று வழி தேடும். நண்டு எங்கே போய் முடியும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தோளைக் குறுக்கிக் காத்திருப்பான். அக்குளைத் தொட்டதும் சிரிப்பு வெடிக்கும். "இன்னொரு வாட்டி ஆயா." அடுத்த முறை பேத்தியும் உள்ளே வருவாள்: "பைலட்டுக்கும் ஒரு பங்கு குடு ஆயா, அவருக்குப் பசிக்கும்." எத்தனை முறை ஆடினாலும் அவர்களுக்கு அது புதிது. நமக்குத்தான் அலுக்கிறது. அந்த அலுப்பைத் தாண்டி அடுத்த முறையும் முதல் முறைபோலவே பருப்புக் கடைவதுதான் இந்த வழிபாட்டில் உள்ள தவம். கோயிலில் அர்ச்சகர் அதே மந்திரத்தை நாள்தோறும் சொல்லவில்லையா?

உணவுத் தட்டு வரும்போது பெரியவர்கள் அஞ்சுவார்கள். புறநானூற்றின் 188ஆம் பாட்டைப் பாடிய பாண்டியன் அறிவுடைநம்பி, நெய்ச்சோற்றில் கையை விட்டுத் துழாவி, வாயில் வைத்து, மேலெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளை இல்லாத வாழ்வு எத்தனை செல்வம் இருந்தும் பயனற்றது என்றவன். ஓர் அரசன் தன் வாழ்நாளின் பயனை அந்தச் சிந்திய சோற்றில் அளந்திருக்கிறான். துடைக்க ஈரத்துணி இருக்கிறது, கொஞ்சம் சிந்தட்டும்.

திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு அது வேண்டாம், நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. கண்ணுக்கும் தூக்கத்துக்கும் வரும் கேட்டை மருத்துவர்கள் சொல்லட்டும். எனக்கு அதில் தெரிவது வேறு. பிள்ளையின் கையில் திரையைக் கொடுத்துவிட்டு நான் என் திரைக்குத் திரும்பும்போது, பாஸ்கல் எச்சரித்த ஓட்டத்தை ஓடுவது நான். பிள்ளையைக் கூட்டாளியாக அதில் இழுத்துக்கொள்கிறேன். இருவரும் சேர்ந்து பார்க்கும் ஒரு படத்தில் தவறில்லை. களைத்துப்போன தாய் அரை மணி கண்மூடவும் வேண்டும். அதற்காக அவளை யாரும் குறை சொல்லக் கூடாது. ஆனால் பயணம் முழுக்கப் பிள்ளையைத் திரையிடம் ஒப்படைத்தால் அருகருகே இருந்தும் அது தனியாகத்தான் பறக்கிறது.

பக்கத்தில் நாம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். சன்னலுக்குக் கீழே மேகம் விரிந்து கிடந்தது. பேத்தி வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஆயா, சாமி மேகத்துக்கு மேலதான இருக்காரு? நாம இப்ப அதுக்கும் மேல வந்துட்டமே, எங்க அவரு?"

"மேல மட்டும்னு யாரு சொன்னது? எல்லா எடத்துலயும்தான் இருக்காரு."

"இந்த பிளேன்லயுமா?"

"பிளேன்லயும்தான்."

"அப்ப அந்த முன்னாடி சீட்டுல?"

"அதுலயும் இருக்காரு."

அவள் சட்டென்று தம்பி பக்கம் திரும்பினாள். "உதைக்காதடா, சாமி உக்காந்திருக்கு." அவன் காலை மடக்கிக்கொண்டான். நான் அதுவரை சொன்ன எந்தச் சொல்லுக்கும் மடங்காத கால் அது. எங்கும் நிறைந்த இறை என்று நான் சொன்னதை அவள் முன்சீட்டு வரை கொண்டுபோய், அடுத்த நொடியே அதை ஒழுக்கமாகவும் மாற்றிவிட்டாள். சலிப்போடு சன்னலைப் பார்க்க அவளுக்கு நேரம் இருந்தது. கேட்டபோது பதில் சொல்ல ஆள் இருந்தது. அதனால் நடந்தது.

முன்சீட்டில் உண்மையில் உட்கார்ந்திருந்தது ஒரு மனிதர் என்பதையும் மறக்கக் கூடாது. அவருக்குத் தூங்கும் உரிமை உண்டு. பிள்ளையின் பக்கம் நிற்பது என்றால் பிள்ளை செய்வதையெல்லாம் விட்டுவிடுவது என்று பொருளில்லை. உதைபடுகிறவரிடம் மன்னிப்புக் கேட்பதும், நடைபாதையில் பிள்ளையை ஒரு சுற்று நடத்திக் கூட்டி வருவதும் நம் வேலை. எல்லா அழுகையும் சலிப்பால் வருவதும் இல்லை. விமானம் இறங்கும்போது உள்ளே காற்றழுத்தம் மாறும். நடுச்செவியைத் தொண்டையோடு இணைக்கும் குழாய் சிறு பிள்ளைகளுக்குக் குறுகலானது. அழுத்தம் சமப்படாமல் காது வலிக்கும். அந்த நேரத்தில் வேண்டியது பாலோ தண்ணீரோ. விழுங்க விழுங்க வலி குறையும். அப்போது வேடிக்கை காட்டிக்கொண்டிருப்பவர் பிள்ளையைக் கவனிக்கவில்லை என்றுதான் பொருள். எது வலி, எது சலிப்பு, எது பயம் என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்தான் எல்லாம் தொடங்குகிறது.

பிள்ளை இல்லாமல் பயணம் செய்பவர்களிடமும் ஒரு வார்த்தை. குழந்தைகளைத் தூக்கி வந்தவர்களைச் சீடர்கள் அதட்டியபோது இயேசு சீடர்களைத்தான் கடிந்துகொண்டார் என்று மாற்கு நற்செய்தி சொல்கிறது. அதட்டியவர்கள் கெட்டவர்கள் அல்லர். அமைதி வேண்டும் என்று நினைத்தவர்கள். பின்வரிசையில் ஒரு பிள்ளை அழுதால் அந்தத் தாயை முறைக்காதீர்கள். இருக்கை இடுக்கு வழியாக ஒரு முறை கண்ணாமூச்சி காட்டுங்கள்; அவளுக்கு இரண்டு நிமிடம் மூச்சு விட நேரம் கிடைக்கும். பிள்ளையோடு ஏறுகிறவர்களே, பத்து மணி நேரத்தை ஒழிக்க வேண்டிய பொழுதாக எண்ணாதீர்கள். வீட்டில் வேலையும் அவசரமுமாக நீங்கள் கொடுக்க முடியாத உங்களை, தொடர்ச்சியாகப் பத்து மணி நேரம் பிள்ளைக்குக் கொடுக்க வாய்த்த இடம் அது. போனை அணைத்துவிட்டுப் பிள்ளையின் உள்ளங்கையை விரியுங்கள்.