மறுப்பதற்கு ஒரு வாசல்

எங்கள் பகுதியில் ஒருவருக்கு ஈரல் பழுதாகிவிட்டது. (ஊரையும் உறவுமுறையையும் சற்று மாற்றியே எழுதுகிறேன்.) தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கக்கூடியவர் தம்பி ஒருவர்தான். ஊரே காசு சேர்த்தது. எங்கள் பாடசாலைப் பிள்ளைகளும் உண்டியல் குலுக்கினார்கள். இருவரையும் இந்தியாவுக்குக் கொண்டுபோனார்கள். பரிசோதனைகள் முடிந்ததும், தம்பியின் இரத்தக் குழாய்களின் அமைப்புச் சரிவராது என்று டொக்டர் சொன்னாராம். திரும்பி வந்து நான்காம் மாதம் காக்கா மௌத்தானார். ஜனாஸாவைக் குளிப்பாட்டும்போது தம்பிதான் தண்ணீர் ஊற்றினார்.

இரண்டு வருடம் கழித்து அவரே என்னிடம் சொன்னார்:

"குழாயெல்லாம் நல்லாத்தான் இருந்திச்சி சேர். தனியாக் கூப்பிட்டுக் கேக்கக்குள்ள, பயமா இருக்கிண்டு நான்தான் சொன்னன். ஊட்டுல புள்ளத்தாச்சி. அவர் ஒண்டும் பேசல்ல. வெளிய வந்து அப்பிடிச் சொல்லிட்டார்."

அந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. 1989இல் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஒரு தாய் தன் குழந்தைக்கு ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்துக் காப்பாற்றிய நாள் தொடக்கம் இந்தச் சிகிச்சை எத்தனையோ உயிர்களை மீட்டிருக்கிறது. கொடுத்தவர்களும் சிலர் இறந்திருக்கிறார்கள். அதனால்தான் மனம் ஒப்பாதவரைக் குடும்பத்துக்குக் காட்டிக்கொடுக்காமல், உடம்பு பொருந்தவில்லை என்று சொல்லி விடுவிக்கும் வழக்கம் வைத்தியர்களிடையே இருந்து வருகிறது. அது பொய்தானே என்று மருத்துவ நெறி பேசுவோர் நெடுநாளாய் வாதாடுகிறார்கள்.

இப்போது ஒரு புதிய கருவி வந்திருக்கிறது. ஸ்கேன் படங்களைக் கணினி ஒன்றாக்கி, முழு ஈரலாக எழுப்பிவிடுகிறது. கண்ணை மூடும் கவசமொன்றை மாட்டிக்கொண்ட சத்திரசிகிச்சை நிபுணர் அந்த ஈரலுக்குள்ளேயே நிற்கிறார். முன்பு அவர் படச் சுருளைப் பார்த்து மனதுக்குள் கட்டியெழுப்பியதை இப்போது கண்ணால் காண்கிறார். நாளம் எங்கே கிளைக்கிறது, பித்தக்குழாய் எந்தப் பக்கம் வளைகிறது, எங்கே வெட்டினால் எவ்வளவு போகும், எவ்வளவு மிஞ்சும் என்பதெல்லாம் கத்தி படுமுன்பே தெரிகிறது. பெறுபவரின் நிறையில் 0.8 சதவீதமாவது ஈரல் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 480 கிராம். கொடுப்பவருக்கும் அவரது ஈரலில் 30 சதவீதமாவது மிஞ்ச வேண்டும். இதை நான் குறைசொல்ல வரவில்லை. கொடுப்பவரின் உயிரைக் காப்பதும் இதே கணக்குத்தான்.

என்னை உறுத்துவது வேறொன்று. அமெரிக்காவின் ஸ்டன்போர்டில் மூளைச் சத்திரசிகிச்சைக்கு முன் நோயாளிக்கே இந்தக் கவசத்தை மாட்டி உள்ளே காட்டுகிறார்கள். பயம் குறைகிறதாம். நல்லதுதான். ஆனால் ஈரல் விடயத்தில் ஒரு குடும்பமே அப்படிப் பார்த்தால்? உம்மா பார்க்கிறா, மச்சான் பார்க்கிறார், நோயாளியும் பார்க்கிறார். 'பொருந்துகிறது' என்று படம் சொல்லிவிட்டது. அதன்பின் அந்தத் தம்பி எந்த வாசலால் வெளியேறுவது?

வாசல் எதற்கு, உண்மையைச் சொல்லட்டுமே என்பார்கள். சொல்லலாம். சொன்ன பிறகு அதே வீட்டில்தான் அவர் சோறு தின்ன வேண்டும். 1988இல் ஜித்தாவில் கூடிய பிக்ஹ் அகடமி உறுப்பு மாற்றை நிபந்தனைகளோடு அனுமதித்தபோது, உறுப்பை விற்கக் கூடாது என்றது. விற்க முடியாதென்றால் அது கொடை. மறுக்க வழியில்லாத கொடைக்கு எங்கள் கிராமத்தில் வரி என்று பெயர்.

கொடுப்பவருக்காக மட்டும் பேசும் ஒருவரை ஒவ்வொரு நிலையமும் வைத்திருக்க வேண்டுமென்று 2007இல் அமெரிக்காவில் விதி செய்தார்கள். அதே முறையில், இந்தப் படத்தை முதலில் கொடுப்பவருக்கு மட்டுமே காட்ட வேண்டும், அவர் கேளாமல் வேறெவருக்கும் காட்டக் கூடாது என்றொரு விதி வேண்டும் என்பது என் எண்ணம். உள்ளே இருப்பது அவருடைய ஈரல்.

காக்காவின் பக்கத்தையும் நினைக்கிறேன். அவருக்குத் தெரிந்திருந்தால் மன்னித்திருப்பாரோ என்னவோ. கேட்க ஆளில்லை.

இவற்றையெல்லாம் ஒரு நாள் அந்தத் தம்பிக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் நெடுநேரத்துக்குப் பின் கேட்டார்: "சேர், என்ட அந்தப் படம் இன்னும் அவங்கட கொம்பியூட்டர்ல இருக்குமா?"