நூறிலிருந்து ஏழு

பெரியம்மாவின் ஞாபகசக்தியைப் பார்க்க ஒரு தாள், மொத்தம் 30 மதிப்பெண். இன்று என்ன தேதி, இது எந்த ஊர் என்று தொடங்கும். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும்: 93, 86, 79. மூன்று சொற்களைக் கேட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். 1975இல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் தம்பதியரும் மெக்ஹியூவும் வெளியிட்ட சோதனை, ராசா என்ற ஊரில் பெரியம்மாவின் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

பென்சிலை உளி பிடிப்பதுபோல் பிடித்தார். கை நடுங்கவில்லை. "இதெல்லாம் எனக்கு யாருப்பா சொல்லிக் குடுத்தா?" என்றார்.

அதே தாளில் பெரியப்பாவுக்குக் கூடுதல் மதிப்பெண். அவர் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவர். பெரியம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவர். விடியுமுன் அவருடைய அம்மா பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய்விட்டால், லயத்து வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே.

•

வயதானால் அறிவு தேயும் என்று வெகுகாலம் நம்பினார்கள். வெக்ஸ்லரின் அறிவுத்திறன் சோதனையின் பழைய அட்டவணைகளில் இருபதுகளிலேயே உச்சம், அப்புறம் இறக்கம்தான். ஆனால் அவை ஒரே காலத்தில் இளைஞரையும் முதியவரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தவை. அந்த முதியவர் சிறுவனாக இருந்தபோது அவருக்குக் கிடைத்த பள்ளி வேறு. 1956இல் வார்னர் ஷாய் சியாட்டிலில் ஓர் ஆய்வைத் தொடங்கி, அதே ஆட்களை ஏழாண்டுக்கு ஒருமுறை திரும்பக் கூப்பிட்டுச் சோதித்தார். வேகம் முன்னதாகவே குறைகிறது. மற்றத் திறன்களில் பெரும்பாலானவை அறுபதுவரை அப்படியொன்றும் சரியவில்லை.

ஆண், பெண் கணக்கும் இப்படித்தான் மாறுகிறது. படிப்பு இருவருக்கும் கிடைத்த நாடுகளில், கேட்ட சொற்களை நினைவில் வைப்பதில் வயதான பெண்கள் ஒரு படி மேலே நிற்கிறார்கள். இந்தியாவின் முதியோர் ஆய்வுகளில் பெண்கள் பின்னால். பள்ளிக்குப் போன ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் அந்த இடைவெளி நன்றாகவே சுருங்குகிறது. எட்டு வயதில் ஒரு பெண்ணை வீட்டோடு நிறுத்திய கணக்கை எழுபது வயதில் அவள் பெயரில் எழுதிவிடுகிறோம் என்றே எனக்குப் படுகிறது.

ஹரியானாவின் பல்லப்கரில் எழுதப்படிக்கத் தெரியாத கிராமத்தாருக்காக 1990களில் பெரியம்மா எழுதிய அந்த 30 மதிப்பெண் சோதனையை மாற்றி அமைத்தார்கள். சொல்லைத் தலைகீழாக எழுத்துக்கூட்டச் சொல்வதை விட்டுவிட்டு, வாரத்தின் நாட்களைப் பின்னிருந்து சொல்லச் சொன்னார்கள். அதைச் செய்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

•

வடிவங்களை மனத்தில் திருப்பிப் பார்ப்பதில் ஆண்கள் மேல் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். ரப்பர் மரத்துப் பால்வெட்டை யாரும் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. நெற்றி விளக்கு வெளிச்சத்தில், இடப்பக்க மேட்டிலிருந்து வலப்பக்கப் பள்ளத்துக்கு, ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் பட்டை இறங்க வேண்டும். உளி ஒரு மில்லிமீட்டர் உள்ளே போனாலும் மரத்துக்குக் காயம், பிறகு அந்தப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மேலோடு விட்டால் பால் வராது. ஒவ்வொரு மரத்திலும் வெட்டு வேறு உயரத்தில் நிற்கும். நானூறு, ஐந்நூறு மரம் முடிந்தால்தான் ஒரு நாள் நிரை முடியும். பெரியம்மா இதை முப்பது வருஷத்துக்கு மேல் செய்தார்.

•

இப்போது அடுப்பை அணைக்க மறக்கிறார். போன வருஷம் இல்லாதது இது. பள்ளிக்கூடம் இல்லாததால் வந்தது என்று இதைத் தள்ளிவிட முடியாது. பெண்களுக்கு ஆயுள் கூட, மறதி நோயும் அவர்களிடம் கூடுதலாகவே வருகிறது.

அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் கேட்கப்போகிறேன்: பெரியப்பாவின் தாளைப் பக்கத்தில் வைக்க வேண்டாம், பெரியம்மாவின் பழைய தாளை எடுத்து வையுங்கள்.