அஞ்சுக்கு ஒண்ணரை

படம் முடிந்து அரை மணி நேரம் ஆகியும் அவன் சட்டைப் பைக்குள் செல்போன் டார்ச் எரிந்துகொண்டே இருந்தது. வெளிர்நீலச் சட்டை. துணியைத் தாண்டி வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தது. பேக்கரி வாசலில் டீயோடு நின்றிருந்த எல்லோருக்கும் அது தெரிந்தது. யாரும் சொல்லவில்லை. அவனோ படத்தைக் கிழித்துக்கொண்டிருந்தான்.

“பயமே இல்லடா. கருப்பு வெள்ளைல எடுத்துட்டா பயம் வந்துருமா? அஞ்சுக்கு ஒண்ணரை.”

2024 பிப்ரவரி. படம், ராகுல் சதாசிவன் இயக்கிய ‘பிரமயுகம்’. பாலக்காடு பக்கத்திலேயே இருப்பதால் கோவையில் மலையாளப் படம் வேற்றுமொழிப் படமாக யாருக்கும் படுவதில்லை. பேய்ப் படம் வந்தால் சேர்ந்து போவது, வெளியே வந்து பேக்கரியில் நின்று மார்க் போடுவது எங்கள் கூட்டத்துப் பழக்கம். 1914-லேயே சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டிய ஊர். படம் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகும் வழக்கம் இங்கே எந்தக் காலத்திலும் இருந்திருக்காது.

அவன் மார்க் போட்டு முடிக்கும்போது போன் அடித்தது. பையிலிருந்து எடுத்துக் காதில் வைத்தான். டார்ச் அணையவில்லை. காதோரத்திலிருந்து வெளிப்பக்கமாக வெள்ளை வெளிச்சம் அடிக்க, “சரிங்... சரிங்...” என்று மட்டும் சொன்னான். பேசி முடித்ததும், எரிகிற போனை அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்: “அப்பறம் அந்தப் பகடை சீன் இருக்குதல்ல, இழுவை.”

இவ்வளவுதான் நடந்தது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நானும் பலமுறை கேட்டுக்கொண்டேன். தியேட்டருக்குள் சீட் தேட டார்ச் போட்டிருப்பான், அணைக்க மறந்திருப்பான். ஆனால் போனைக் கையில் எடுத்தவனுக்கு, கண்ணுக்குப் பக்கத்தில் எரிந்த வெளிச்சம் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் அணைக்கவில்லை என்றால்? இந்த இடத்தில்தான் எனக்குத் தூக்கம் தள்ளிப்போகிறது.

நாங்கள் மார்க் போடும் முறையைச் சொன்னால்தான் மீதி விளங்கும். முதல் கேள்வி, எத்தனை தடவை தூக்கிவாரிப் போட்டது. இரண்டாவது, அது காட்சியாலா சவுண்டாலா. சவுண்டை வைத்துப் பயமுறுத்தியிருந்தால் அரை மார்க் போய்விடும். மூன்றாவது, ஃப்ளாஷ்பேக் எப்போது வருகிறது. கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பனின் கட்சி என்னவென்றால், ஃப்ளாஷ்பேக் வந்த நிமிஷமே பேய்ப் படம் முடிந்துவிடுகிறது. அவன் சொல்வதில் நியாயம் உண்டு. 2007-ல் வந்த ‘முனி’, 2009-ல் ‘ஈரம்’, 2011-ல் ‘காஞ்சனா’ என்று எதை எடுத்தாலும் பேய்க்கு ஒரு வழக்கு இருக்கிறது. யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள், கொன்றிருக்கிறார்கள். கதை தெரிந்ததும் பயம் இறங்கி இரக்கம் ஏறிவிடுகிறது. ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் நியாயம் கேட்டு மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வருகிற ஊர்க்காரர்களான எங்களுக்கு அது பழகிய வழிதான். செத்தவர் திரும்பி வருவதே தீர்ப்பு வாங்கத்தான்.

பேயும் சிரிப்பும் சேரலாமா என்பது இன்னொரு நிரந்தரச் சண்டை. பள்ளிக்கூட டீச்சரான தோழி, ‘முனி’, ‘காஞ்சனா’ எடுத்த லாரன்ஸின் படங்களைப் பேய்ப் படக் கணக்கிலேயே சேர்க்கமாட்டாள். நான் ஜெயங்கொண்டாரைத் துணைக்கு இழுப்பேன். கலிங்கத்துப் பரணியில் பேய்கள் போர்க்களத்திலேயே கூழ் காய்ச்சி, பந்தி வைத்துப் பரிமாறிச் சாப்பிடுகின்றன. அதில் வராத கேலியா? குலோத்துங்கன் காலத்திலேயே தமிழ்ப் பேய் நம்மைச் சிரிக்க வைத்திருக்கிறது. “அது சரிப்பா, அதுல பேய் ஆடுற டான்ஸ் இத்தனை நீளமில்ல” என்பாள்.

பிரமயுகம் எங்கள் மூன்று கேள்விகளுக்கும் சிக்கவில்லை. தூக்கிப் போடுவது குறைவு. வழக்குக்குத் தீர்ப்பும் இல்லை. பதினேழாம் நூற்றாண்டு மலபாரில், தப்பியோடி வரும் ஒரு பாணன் காட்டில் வழி தவறி, பாழடைந்த மனை ஒன்றில் நுழைகிறான். வீட்டு எசமானரான கொடுமோன் போற்றி, அதாவது மம்மூட்டி, உபசரித்துச் சோறு போடுகிறார். பிறகு பகடை ஆடக் கூப்பிடுகிறார். பாணனிடம் பணயம் வைக்க என்ன இருக்கிறது? அவனுடைய காலம் இருக்கிறது. தோற்றால் அது எசமானருக்கு. அதன் பிறகு அவன் வெளியே போக முடியாது. கடைசியில் அதிகாரம் ஒழிவதுகூட இல்லை, கை மாறுகிறது.

அந்த எசமானரை நினைத்தால், கல்லூரியில் ஒரு தமிழ் வகுப்பு நினைவுக்கு வருகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியட். தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் நடந்துகொண்டிருந்தது. மெய்ப்பாடு எட்டு, அதில் ஒன்று அச்சம், அச்சம் பிறக்கும் இடம் நான்கு என்று ஐயா போர்டில் எழுதினார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. தெய்வமோ பேயோ வருத்துவது ஒன்று, மிருகம் ஒன்று, திருடர் ஒன்று. நான்காவது, தன் அரசன். அரை உறக்கத்தில் இருந்த எனக்கு நான்காவது மட்டும் பொருந்தாமல் பட்டது. ராஜாவுக்கு எதற்குப் பயப்பட வேண்டும், தப்பு செய்தவன்தானே பயப்படுவான் என்று நினைத்தேன். வேலைக்குப் போகாதவனின் சந்தேகம் அது.

இப்போது அந்த நான்கையும் எங்கள் கூட்டத்துக்குப் பொருத்திப் பார்க்கிறேன். அணங்கைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவோம், அதற்கு டிக்கெட் வாங்குகிறோமே. தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோட்டத்துக்குள் யானை இறங்கிய கதையும் சுவையாகவே ஓடும். கள்வரில் பேச்சு நின்றுவிடும். அண்மைக் காலத்தில் ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் தோட்டத்துச் சாளைகளில் தனியாக இருந்த வயசாளிகளைக் கொன்ற செய்திகள் வந்தபோது பேக்கரியில் யாரும் எதையும் அலசவில்லை. “உன்ற அப்பன் அம்மாவ டவுனுக்குக் கூட்டிட்டு வந்துரு” என்று ஒருவன் இன்னொருவனிடம் சொன்னான், பேச்சு மாறிவிட்டது. நான்காவதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. அந்த நீலச் சட்டைக்காரன் ஃபவுண்டரியில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமையும் அவனுக்குப் போன் வரும். அன்றைக்கு “சரிங்... சரிங்...” என்றது யாரிடம் என்று எனக்குத் தெரியாது. வீட்டிலிருந்துகூட வந்திருக்கலாம். அவனுக்கும் பொள்ளாச்சி ரோட்டில் தோட்டம் இருக்கிறது, அதில் வயசான இரண்டு பேர் இருக்கிறார்கள்.

வெளிச்சம் என்றால் எனக்கு அம்மாவைப் பெற்ற அப்புச்சி ஞாபகம். ராத்திரி மோட்டாருக்குக் கரண்ட் வந்தால் தண்ணீர் கட்டப் போவார். லீவுக்குப் போயிருந்தால் நானும் பின்னாலேயே போவேன். தோளில் மம்மட்டி, கையில் மூன்று கட்டை பேட்டரி லைட். ஆனால் அதைப் போடமாட்டார். ஒருநாள் கேட்டேன். “லைட்டப் போட்டா அது உளுகற எடம் மட்டும்தாங் கண்ணு தெரியும். மத்ததெல்லாம் இன்னும் இருட்டாயிரும்” என்றார். தைரியசாலி என்று நம்பினேன். ஆனால் வாய்க்கால் ஓரம் முனியப்பன் வேம்பு வரும்போது, தவறாமல் அந்த இடத்தில் மட்டும், தொண்டையைக் கனைப்பார். சளி இருக்கும் ஆளும் இல்லை. பயத்திலா, ‘நான்தான் போறேன்’ என்று சாமிக்குச் சொல்லும் மரியாதையா? அம்மிச்சியிடம் கேட்டதற்கு, “ரெண்டுக்கும் என்ன சாமி வித்தியாசம்?” என்று கேட்டுவிட்டு மாட்டுக்குத் தீனி போடப் போய்விட்டாள்.

புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யையும் இந்த வரிசையில் நினைத்துக்கொள்கிறேன். 1943-ல் தொகுப்பாக வந்தது. படித்து ரொம்ப நாளாகிறது. தூக்கம் வராத ஓர் எழுத்தாளன், வீட்டுக்குள் மனைவி சேர்த்துக்கொள்ளும் பிச்சைக்காரி, திடீரென்று கிளம்பும் ஒரு வாசனை. இவ்வளவே மனதில் நிற்கிறது. கதை எதையும் முடித்துக் கொடுக்காது. அந்த எழுத்தாளனுக்கு ஒரு பேக்கரி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்ததுண்டு. வாசலில் நின்று நாலு பேரோடு அலசியிருப்பான். வாசனைக்கு அரை மார்க் குறைத்திருப்பான். நிம்மதியாகத் தூங்கியுமிருப்பான். கதைதான் நமக்குக் கிடைத்திருக்காது.

ஆகவே, விமர்சனம் என்பது பயத்தை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போகும் ஏற்பாடு என்று ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். கேமரா, சவுண்ட், ஃப்ளாஷ்பேக் என்று பேசுகிறவரை எவனும் எவனையும் ‘உனக்கு எது பயம்?’ என்று கேட்க வேண்டியதில்லை. டீச்சரிடம் இதைச் சொன்னபோது அவள் ஒத்துக்கொள்ளவில்லை. “நேரா கேட்டா யாருப்பா சொல்லுவாங்க? மார்க் கேட்டாத்தான் ஒவ்வொருத்தனும் எங்க கோவப்படறான்னு தெரியும். அன்னிக்கு அவன் பேய் வர்ற சீனத் திட்டவே இல்ல. பகடையத்தான் திட்டுனான்.”

அது உண்மைதான். பகடையை மட்டுமே திட்டினான். டார்ச்சை அவளும் பார்த்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ ஏன் சொல்லல?” என்றாள். போனில் சார்ஜ் தீர்ந்துவிடும் என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லாததும் ஒருவிதத் துணைதானோ என்று அவளுக்குத் தோன்றியதாம். எனக்கு அப்படி உறுதியாகத் தோன்றவில்லை. கேட்காமல் விடுவது மரியாதையாகவும் இருக்கலாம், கேட்டால் என் முறையும் வரும் என்ற கணக்காகவும் இருக்கலாம்.

அதன் பிறகும் சேர்ந்து படம் பார்க்கிறோம். அவன் எந்தப் பேய்ப் படத்துக்கும் இரண்டைத் தாண்டுவதில்லை. குறைந்த மார்க் வாங்கும் படம்தான் அவனை அதிகம் தொட்டது என்று கொஞ்ச காலம் நம்பினேன். நிஜமாகவே மோசமான படங்களுக்கும் அதே ஒண்ணரையைத்தான் போடுகிறான் என்பதால் அதுவும் நிற்கவில்லை. கூடப் பழகுகிறவன் எதற்குப் பயப்படுகிறான் என்று தெரிந்துகொள்வது நட்பில் சேர்த்தியா, அதைத் தொடாமல் பக்கத்தில் நிற்பது சேர்த்தியா என்று கேட்டால், ஆளுக்கு ஆள் மாறும் என்பேன். இவன் எந்த ஆள் என்பது இத்தனை வருஷம் பழகியும் எனக்குப் பிடிபடவில்லை.